பறக்கும் பருந்து ஏன் ஷார்ப்பா வர மாட்டேங்குது? லென்ஸை மாற்றும் முன் பார்க்க வேண்டிய 4 விஷயங்கள்

டெல்லி புசா ரோட்டில், கரோல் பாக் மெட்ரோ ஸ்டேஷனுக்கும் ராஜேந்திரா பிளேஸுக்கும் நடுவே நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலான நாட்களில் ஒரு பருந்தாவது வட்டமடித்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் மரங்கள் அடர்ந்த ரிட்ஜ் காடு, மறுபக்கம் நெருக்கமான மாடி வீடுகள், நடுவில் தூண்கள் மேல் ஓடும் மெட்ரோ. இந்தப் பகுதியில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும், யுபிஎஸ்சி படிக்கும் தமிழ் இளைஞர்கள் நிறைய பேர். அவர்களில் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிதான் சரணாலயம்.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. இஎம்ஐ-யில் ஒரு 150-600 மி.மீ. ஜூம் வாங்கியாச்சு. 300 படம் எடுத்தாச்சு. லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் மங்கல். உடனே தோன்றுவது, "லென்ஸ் சரியில்லை, இதை வித்துட்டு பெருசா ஒண்ணு வாங்கணும்" என்பதுதான். அது லட்சக்கணக்கில் போகும் முடிவு.

பெரும்பாலான நேரம் குற்றவாளி லென்ஸ் இல்லை. மங்கல் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் நான்கு வேறு வேறு கோளாறுகள். நான்குக்கும் மருந்து வேறு. எது என்று தெரியாமல் வைத்தியம் பார்த்தால் காசுதான் போகும்.

எந்த மங்கல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படத்தை 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள்.

1. பருந்து மங்கல், ஆனால் பின்னால் இருக்கும் மரமோ மின்கம்பியோ தெளிவாக இருக்கிறது: ஃபோகஸ் தவறிவிட்டது.

2. தலையும் உடலும் தெளிவு, சிறகு நுனி மட்டும் இழுபட்டிருக்கிறது: ஷட்டர் ஸ்பீடு போதவில்லை.

3. பறவை, கிளை, கட்டடம் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கின்றன: கை ஆடியிருக்கிறது.

4. எதுவுமே தெளிவில்லை, ஓரங்கள் நெளிந்த மாதிரி இருக்கின்றன, பறவையும் ரொம்ப தூரம்: காற்றுதான் காரணம்.

இதோடு இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். சுமார் 30 மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கடையின் பெயர்ப்பலகையை, கேமராவை ட்ரைபாடில் வைத்துக் காலை நேரத்தில் எடுங்கள். எழுத்துகள் கூர்மையாக வந்தால் லென்ஸ் மேல் தப்பில்லை. வரவில்லையென்றால், முன்னால் மாட்டியிருக்கும் மலிவான யுவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். அப்போதும் மங்கல் என்றால்தான் லென்ஸை சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும்.

ஃபோகஸ் ஏன் தவறுகிறது?

ஒரு சின்னக் கணக்கு. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 600 மி.மீ., எஃப் 6.3 வைத்து 20 மீட்டர் தூரத்தில் இருக்கும் பருந்தை எடுக்கிறீர்கள். அந்த இடத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 42 செ.மீ. மட்டுமே. பருந்தின் சிறகு விரிப்போ ஒன்றரை மீட்டருக்குப் பக்கம்.

இப்போது அந்தப் பருந்து மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் உங்களை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது விநாடிக்கு 10 மீட்டர். கேமரா விநாடிக்கு 10 படம் எடுத்தால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் பறவை 1 மீட்டர் முன்னே வந்துவிடுகிறது. தெளிவாக விழும் ஆழத்தை விட இது இரண்டு மடங்குக்கும் மேல்.

ஒருமுறை ஃபோகஸ் செய்து நிறுத்தும் முறை பறக்கும் பறவைக்கு ஏன் உதவாது என்பது இதில் புரிந்துவிடும். கேமரா தொடர்ந்து ஃபோகஸை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கேனானில் இதற்குப் பெயர் சர்வோ. நிக்கான், சோனி, ஃபுஜியில் ஏஎஃப்-சி. இந்த ஒரு செட்டிங்கை மாற்றாமல் வேறு எதை மாற்றியும் பயனில்லை.

அடுத்து, கேமரா எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்வது. பின்னால் வெறும் வானம் என்றால் அகலமான ஏரியா வைக்கலாம். அங்கே பிடிக்கப் பறவையைத் தவிர வேறு எதுவும் இல்லை. பருந்து மரத்துக்கு முன்னாலோ மெட்ரோ தூணுக்கு முன்னாலோ வந்தால் சின்ன ஏரியாவுக்கு மாறுங்கள். இல்லையென்றால் கேமரா தூணைப் பிடித்துக்கொள்ளும்.

2020-ல் வந்த கேனான் ஆர்5, 2021-ல் வந்த சோனி ஆல்ஃபா 1 போன்ற மிரர்லெஸ் கேமராக்கள் பறவையைத் தாமாகவே அடையாளம் கண்டு பின்தொடரும். ரொம்ப உதவிதான். ஆனால் ஃப்ரேமுக்குள் பறவையைக் கொண்டுவரும் வேலை இன்னும் நம்முடையதுதான்.

பறவையே சிக்க மாட்டேங்குதே, என்ன பண்றது?

600 மி.மீ.-இல் வானத்தில் ஒரு பருந்தைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற கதை. மூன்று பழக்கங்கள் கைகொடுக்கும்.

முதலில் 300 மி.மீ. அளவில் பிடித்து, பறவை ஃப்ரேமுக்குள் வந்ததும் ஜூம் செய்யுங்கள். இரண்டாவது, பறவை வரும் தூரத்தில் இருக்கும் ஒரு மரத்திலோ தண்ணீர்த் தொட்டியிலோ முன்கூட்டியே ஃபோகஸ் செய்து வையுங்கள். லென்ஸ் 5 மீட்டரில் நின்றுகொண்டிருந்தால், 40 மீட்டரில் இருக்கும் பறவை வெறும் சாம்பல் கறையாகத்தான் தெரியும். ஆட்டோஃபோகஸுக்கும் எதைப் பிடிப்பது என்று புரியாது. மூன்றாவது, லென்ஸின் பக்கவாட்டில் ஃபோகஸ் லிமிட்டர் ஸ்விட்ச் இருந்தால் தூரத்துக்கு மட்டும் வையுங்கள். பக்கத்தில் இருப்பதைத் தேடி லென்ஸ் முன்னும் பின்னும் ஓடாது.

ஷட்டர் ஸ்பீடு எவ்வளவு வேண்டும்?

அதே பருந்து, அதே வேகத்தில் உங்களுக்குக் குறுக்கே போகிறது. 1/500 விநாடியில் அது 2 செ.மீ. நகர்ந்துவிடும். கண் அடையாளமே தெரியாமல் போக அது போதும். 1/2000-இல் நகர்வது அரை செ.மீ. நீங்களும் கேமராவை அதோடு சேர்த்துத் திருப்பினால் உடல் அளவில் அந்த நகர்வும் பெரும்பாலும் ஈடுகட்டப்பட்டுவிடும். சிறகு மட்டும்தான் தனியாக அசையும்.

அதனால் நிதானமாக மிதக்கும் பருந்துக்கு 1/1600, சிறகடிக்கும் பறவைக்கு 1/2500 என்று தொடங்கலாம். 1/500-இலிருந்து 1/2000-க்குப் போனால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஐஎஸ்ஓ 400 இருந்த இடத்தில் 1600 வேண்டும். படத்தில் புள்ளி புள்ளியாக வருமே என்று பலர் தயங்குகிறார்கள். புள்ளிகளை எடிட்டிங்கில் ஓரளவு குறைக்கலாம். இழுபட்ட கண்ணைத் திருத்துவது அவ்வளவு எளிதில்லை.

கை ஆட்டத்துக்கு மருந்து எளிது. இடது கை லென்ஸின் அடியில், முழங்கைகள் விலாவோடு ஒட்டி, கால்கள் சற்று அகன்று. கையை மட்டும் திருப்பாமல் இடுப்போடு சேர்ந்து திரும்புங்கள். பறவை தூரத்தில் இருக்கும்போதே பின்தொடர ஆரம்பித்தால், கிட்டே வரும்போது வேகம் பழகியிருக்கும்.

டெல்லி காற்றை என்ன செய்ய முடியும்?

காற்றைத் திருத்த எந்த லென்ஸாலும் முடியாது. வெயில் ஏறிய பிறகு தார்ச்சாலையிலும் மொட்டை மாடியிலும் சூடான காற்று மேலெழும்பும். அதன் ஊடாகப் பார்க்கும் எதுவும் நெளியும். குளிர்காலத்தில் பனியும் புகையும் சேர்ந்து பறவைக்கும் வானத்துக்கும் உள்ள வேறுபாட்டையே மழுக்கிவிடும். அந்த வேறுபாட்டை வைத்துத்தான் ஆட்டோஃபோகஸ் வேலை செய்கிறது. அது இல்லையென்றால் தடுமாறும்.

தீர்வு ஒன்றுதான்: தூரத்தைக் குறையுங்கள். 150 மீட்டரில் இருக்கும் பருந்துக்கு 20 படம் வீணாக்குவதை விட, 25 மீட்டரில் வருவதற்குக் காத்திருப்பது மேல்.

எந்தப் பறவையில் பழகலாம்?

கரும்பருந்துதான் நல்ல வாத்தியார். டெல்லியில் ஏராளம், உருவம் பெரிது, பெரும்பாலும் சிறகடிக்காமல் மிதக்கும். குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி மத்திய ஆசியாவிலிருந்து வரும் பருந்துகளும் இங்குள்ளவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. அதன் வாலைக் கவனியுங்கள். திரும்புவதற்கு வாலைத்தான் சுக்கான் மாதிரி முறுக்கும். வால் சாய்ந்தால் அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துவிடும்.

அது கைவந்த பிறகு, குளிர்காலத்தில் யமுனைப் படித்துறைக்கு வரும் கடற்காகங்கள். அதற்கும் பிறகுதான் மீன்கொத்தி, பஞ்சுருட்டான், தகைவிலான். விடுமுறைக்குச் சென்னை போகிறவர்களுக்கு பள்ளிக்கரணை இருக்கிறது.

உட்கார்ந்திருக்கும் பறவை கிளம்பப் போவதையும் கண்டுபிடிக்கலாம். பல பறவைகள் கிளம்பும் முன் உடலை முன்னே சாய்க்கும்; எச்சமிடுவதும் உண்டு. காற்றை எதிர்த்துத்தான் பெரும்பாலும் எழும்பும். ஆகவே காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால், பறவை உங்கள் பக்கம் முகம் காட்டி எழ வாய்ப்பு அதிகம்.

1985-ல் மினோல்டா 7000 வந்த பிறகுதான் ஆட்டோஃபோகஸ் எஸ்எல்ஆர் கேமராக்கள் பரவலாயின. அதற்கு முன் எடுத்தவர்களுக்குக் கைதான் மோட்டார், கையிருப்பு ஃபிலிம் சுருளில் மிஞ்சிய சில படங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கை பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்தது அப்படிப்பட்ட காலத்தில்தான். விலங்கு அடுத்து என்ன செய்யும் என்று தெரிந்திருப்பதும் ஒரு கருவிதான். அதற்கு இஎம்ஐ கிடையாது.

எதைச் செய்யக் கூடாது?

பறக்கும் படம் வேண்டும் என்பதற்காக உட்கார்ந்திருக்கும் பறவையைக் கல்லெறிந்தோ கைதட்டியோ கிளப்பாதீர்கள். பருந்தைக் கிட்டே வரவைக்க இறைச்சி வீசாதீர்கள். குளிர்காலக் கடைசியிலிருந்து கோடை வரை பருந்துகள் கூட்டில் இருக்கும். கூட்டுக்குப் பக்கத்து மாடியில் நின்றால் அவை தலைக்கு மேல் பாய்ந்து விரட்டும். அப்படிப் பாய்ந்தால் அருமையான ஷாட் என்று நினைத்து நிற்காமல் இறங்கி வந்துவிடுங்கள். அந்த நேரத்தில் முட்டையோ குஞ்சோ காவலில்லாமல் கிடக்கிறது.

அப்போ புது லென்ஸ் வாங்கவே கூடாதா?

வாங்கலாம். பெயர்ப்பலகை சோதனையை முடித்து, தொடர் ஃபோகஸ் வைத்து, 1/2000-க்கு மேல் போய், 25 மீட்டருக்குள் வந்த பருந்தை நான்கு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள். அதற்கும் பிறகு கண் தெளிவாக வரவில்லையென்றால் அப்போது கடைக்குப் போகலாம். வந்துவிட்டால், அந்த இஎம்ஐ காசில் பரத்பூருக்கோ வேடந்தாங்கலுக்கோ ஒரு டிக்கெட் போடலாம்.