சொல்லாமல் அறும் டைமிங் பெல்ட்
சரக்கு வண்டி வைத்திருக்கும் வணிகர்கள் கவனத்திற்கு

டி. கல்லுப்பட்டி வட்டாரத்தில் சொந்த வண்டி வைத்து மதுரை கீழமாசி வீதியில் கொள்முதல் செய்யும் மளிகை வியாபாரிகள் உண்டு. டீசல், ஆயில், டயர் என்று எல்லாச் செலவையும் பேரேட்டில் எழுதும் நாம், எஞ்சினில் உள்ள ஒரு ரப்பர் பட்டையை மட்டும் மறந்து விடுகிறோம். அதுவே டைமிங் பெல்ட்.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாப்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாப்டையும் இணைப்பது இந்தப் பல் வைத்த பெல்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். 'குட்டியானை' என்று நாம் அழைக்கும், 2005ல் வந்த டாடா ஏஸின் இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினிலும், 2019 வரை தயாரான மாருதி ஆம்னியிலும் இது உண்டு. சில வண்டிகளில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்கும். தமது வண்டியில் இருப்பது எது என்பதை மெக்கானிக்கிடம் கேட்டறிவது நல்லது.

மாவு மில் பெல்ட் தேய்ந்தால் வழுக்கும், கிறீச்சிடும். அதைக் கேட்டு மாற்றி விடுவோம். டைமிங் பெல்ட்டில் பல் இருப்பதால் வழுக்காது. பெரும்பாலும் சத்தமுமின்றி ஒரு நாள் அறுந்து விடும். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஆகவே பெல்ட் அறுந்தால் இரண்டும் மோதி வால்வுகள் வளையும். ஹெட்டையே கழற்ற நேரிடும். தீபாவளிச் சரக்கோடு வண்டி நடுவழியில் நின்றால் ரிப்பேர் செலவோடு வியாபாரமும் போகும்.

கவனிக்க வேண்டியவை

மூடியைக் கழற்றிப் பார்க்கையில் வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிதல், பல் தேய்தல், பளபளப்பு, ஆயில் கசிந்து ஊறியிருத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மாற்ற வேண்டும். ஸ்டார்ட் ஆகத் தாமதம், இழுவைக் குறைவு ஆகியவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் பெல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எப்போது மாற்றுவது?

வண்டியின் கையேட்டில் உள்ள கெடுவே சரியானது. பொதுவாக அது 60,000 முதல் 1,00,000 கி.மீ. வரை இருக்கும். மதுரைக்குப் போய்வர சுமார் 80 கி.மீ. என்றால், வாரம் 4 நடைக்கு 320 கி.மீ.; 50 வாரத்தில் 16,000 கி.மீ. நான்கு ஆண்டு முடிவதற்குள் 60,000 தாண்டிவிடும். அதிகம் ஓடாத வண்டியாயினும் ரப்பர் காலத்தால் இறுகிப் போகும். எனவே ஆண்டுக் கணக்கும் பார்க்க வேண்டும். பழைய வண்டி வாங்கியவர்கள், முன்பு மாற்றியதற்கு பில் இல்லையெனில் முதல் வேலையாகப் புதிய பெல்ட் போடுவதே நலம்.

மாற்றும்போது

டென்ஷனர் பேரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். தண்ணீர் பம்ப் இதே பெல்ட்டில் ஓடுமானால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பில்லோடு அசல் பெல்ட்டையே வாங்குங்கள். பொருத்தியபின் எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, குறிகள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓடும்போது வண்டி திடீரென நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப செல்ப் அடிக்காதீர்கள், சேதம் கூடும்.

பெல்ட் மாற்றிய தேதியையும் கி.மீ. அளவையும் கடைக் கணக்கிலேயே ஒரு வரி எழுதி வையுங்கள். காலாவதி தேதி பார்த்துச் சரக்கை அகற்றும் வணிகருக்கு இது புதிய பழக்கமல்ல.