பழைய சாமான், புதுக் கோலம் – 6
தூரிகைக்கு முந்தைய வேலை

பழைய மேஜைக்கு வண்ணம் பூசும் வேலையில் பெரும்பகுதி தூரிகையைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பூச்சு உரிந்து போனால் பலரும் பெயின்ட்டைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அடியில் இருக்கிறது: எண்ணெய்ப் பிசுக்கு, ஈரம், தேய்க்காமல் விட்ட பழைய பாலிஷ்.

எல்லாச் சாமானுக்கும் வண்ணம் தேவையில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ காரைக்குடியின் பழம்பொருள் கடைகளிலோ வாங்கிய நாற்காலி தேக்காகவோ ஈட்டியாகவோ இருந்தால், அதை எனாமலால் மூடுவது பெரிய இழப்பு. அழுக்கை நீக்கி மறுபடி பாலிஷ் போட்டாலே அந்த மரத்தின் ரேகை எழுந்து நிற்கும். வண்ணத்துக்கு உரியவை மாமரம், ரப்பர் மரம் போன்ற சாதாரண மரங்களில் செய்தவை, ப்ளைவுட் சாமான்கள், ஏற்கெனவே பெயின்ட் ஏறியவை. தண்ணீர் குடித்து உப்பிய துகள் பலகையை மட்டும் விட்டுவிடலாம். அதை எந்தப் பூச்சும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. சிறு துளைகளிலிருந்து புது மாவு உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். துளைகளில் ஊசிக்குழலால் மரப்பூச்சி மருந்தைச் செலுத்தி, மாவு உதிர்வது நின்ற பிறகே மற்ற வேலையைத் தொடங்க வேண்டும்.

முதல் வேலை கழற்றுவது. கைப்பிடி, கீல், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் எடுத்து, எது எங்கே இருந்தது என்று குறித்துவைக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். சமையலறையில் இருந்த அலமாரியை இரண்டு முறை துடைப்பது நல்லது.

அடுத்து, பழைய பூச்சு என்ன வகை என்று கண்டுபிடிப்பது. மேஜையின் அடிப்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வைத்தால் போதும். பூச்சு பிசுபிசுவென்று இளகினால் அது அரக்கில் செய்த பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாதது பெரும்பாலும் மெலமைன் அல்லது பாலியூரித்தேன். கெட்டியாகப் பிடித்திருக்கும் பூச்சை முழுதும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. பளபளப்பு மங்கும் அளவுக்குத் தேய்த்தால் புதுப் பூச்சு பற்றிக்கொள்ளும். மைக்கா ஒட்டிய பரப்பும் அப்படித்தான். ஆனால் வழுவழுப்பான பரப்பில் ஒட்டுவதற்கென்றே செய்த பிரைமர் அதற்கு வேண்டும்.

பழைய பெயின்ட் மேல் உப்புத்தாள் போடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை கட்டாயம் தேவை. இந்தியாவில் வீட்டு உபயோக பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் நிறையவே இருக்கலாம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். எனவே பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. நெருப்புக் காட்டி உரிக்கவும் கூடாது. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, சேற்றை ஈரத்துணியால் வழித்தெடுத்துக் கட்டி எறிய வேண்டும். முகக்கவசம் அவசியம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

பூச்சில்லாத மரத்தை 120 எண் தாளில் தொடங்கி 220இல் முடிக்கலாம். தேய்ப்பது எப்போதும் ரேகையின் போக்கிலேயே. குறுக்கே தேய்த்த கீறல் வண்ணத்துக்கு மேலும் தெரியும். பள்ளங்களையும் ஆணித் துளைகளையும் லப்பம் வைத்து நிரப்பி, காய்ந்ததும் சமப்படுத்தி, தூசி துடைத்து, வுட் பிரைமர் ஒரு கோட் கொடுக்க வேண்டும். சில மரங்களின் சாயம் வெளிர் வண்ணத்தில் பழுப்புக் கறையாகக் கசியும். அங்கே பிரைமருக்கு முன் ஒரு கை அரக்குப் பூச்சு கொடுத்தால் கறை தடைபடும்.

எனாமலைத் தடிமனாக ஒரே கோட்டில் பூசினால் வழியும், சுருங்கும். மெல்லிய இரண்டு கோட் அடித்து, நடுவே 320 தாளால் லேசாகத் தடவினால் பரப்பு கண்ணாடி போல் வரும். வேலையை நிழலில் செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் மேற்பரப்பு மட்டும் சட்டென்று காய்ந்து தூரிகைத் தடம் நின்றுவிடும். ஐப்பசி மழையில் காய்வதே இழுபறிதான்.

அலங்காரம் அதற்குப் பிறகு. சதுர முக்காலிக்குப் புள்ளிக் கோலம் இயல்பாகப் பொருந்துகிறது. தடித்த பிளாஸ்டிக் தாளில் வடிவத்தை வெட்டி, டேப்பால் ஒட்டி, வண்ணம் தொட்டுப் பெரும்பகுதியைக் காகிதத்தில் ஒற்றிய ஸ்பாஞ்சால் செங்குத்தாகத் தட்ட வேண்டும். ஸ்பாஞ்ச் ஈரமாக இருந்தால் வண்ணம் தாளுக்கு அடியில் ஊர்ந்து, கோட்டின் கூர்மை போய்விடும்.

படம் வெட்டி ஒட்டும் டெகூபாஜ் முறை 18ஆம் நூற்றாண்டு வெனிஸில் செழித்தது. ஆசிய நாடுகளின் அரக்கு வேலைப்பாடு கொண்ட சாமான்களுக்கு அங்கே அவ்வளவு மோகம். விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்காக அச்சிட்ட படங்களை வெட்டி, வண்ணம் தீட்டி, மரத்தில் ஒட்டி, மேலே பல கோட் வார்னிஷ் ஏற்றினார்கள். பழைய காலண்டர் படங்களும் பரிசுப்பொருள் சுற்றும் தாள்களும் இதற்கு ஏற்றவை. மை கரையாது என்பதை ஓர் ஓரத்தில் ஈரம் தொட்டுப் பார்த்த பிறகு, வெள்ளைப் பசையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி ஒட்டி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவிக் காற்றை வெளியேற்ற வேண்டும். விரல் நுனிக்குத் தாளின் விளிம்பு தட்டுப்படாமல் போகும்வரை வார்னிஷ் ஏற்றுவதுதான் இந்தக் கலையின் உயிர். எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகும். வெள்ளைப் பின்னணிக்கு நீரில் கரையும் தெளிந்த வார்னிஷே சரி.

இரும்பு பீரோவுக்கு முறை கொஞ்சம் வேறு. துருவை எமரி ஷீட்டால் உலோகம் தெரியும்வரை எடுத்து, அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். இரவு தாண்டினால் ஈரக்காற்றில் துரு திரும்பத் தொடங்கும். அதன்மேல் எனாமலை ஸ்ப்ரே செய்தால் தூரிகைத் தடம் இருக்காது.

தொட்டால் ஒட்டாத எனாமல் காய்ந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் உள்வரை இறுக அதற்குச் சில வாரம் பிடிக்கும். அதுவரை மேஜை மேல் கனமான பொருளோ சூடான பாத்திரமோ வைக்கக் கூடாது. இழுப்பறைகளையும் கதவுகளையும் சற்றே திறந்து வைத்தால் விளிம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது.

(தொடரும்)