கம்பியில்லா இணைப்பு அறுந்தால்

விலைப்புள்ளி அனுப்பக் கடைசி நாள். சேலை டிசைனும் கணினியில் ஆயத்தமாக இருக்கிறது. வைஃபை மட்டும் இல்லை. இத்தருணத்தில் அங்கத்தினர் பலர் கம்பெனியை ஏசுகின்றனர். சிலர் புதிய பெட்டியே வாங்கிவிடுகின்றனர். இரண்டுக்கும் அவசரம் வேண்டுவதில்லை. பாவிழை அறுந்தால் எவ்விடத்தில் அறுந்தது என்று பார்த்தன்றோ முடிச்சிடுகிறோம்?

இங்கு இழைகள் இரண்டு. தெருவிலிருந்து ரவுட்டர் பெட்டி வரை வருவது ஒன்று. பெட்டிக்கும் கணினிக்கும் இடையே செல்லும் ரேடியோ அலை மற்றொன்று. முதற்கண் கைபேசியில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, அதே வைஃபையில் இணைத்துப் பார்க்க வேண்டும். கைபேசியில் வேலை செய்து கணினியில் செய்யாவிடில் குறை பெரும்பாலும் கணினியினுடையதே. அதன் முகவரி 169.254 என்று தொடங்குமாயின், பெட்டியிடமிருந்து அதற்கு முகவரி கிட்டவில்லை என்பது பொருள். பழைய இணைப்பை நீக்கி, கடவுச்சொல்லைப் புதிதாக இட்டால் பல சமயம் சீராகிவிடும்.

இரண்டிலும் வராவிடில், பெட்டியை அரை நிமிடம் அணைத்து ஏற்றுக. பின்னும் வராவிடில் கணினியை ஈதர்நெட் கம்பியால் பெட்டியுடன் இணைத்துப் பார்க்க. கம்பியில் வந்தால் கோளாறு காற்றுவழியில். வராவிடில் வெளியிணைப்பிலோ பெட்டியிலோதான். ஃபைபர் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' விளக்கு சிவந்து எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை. அவ்விழையைக் கழற்றி முனையைக் கண்ணால் பார்த்தல் ஆகாது; கம்பெனிக்குத் தெரிவிப்பதே முறை.

காற்றுவழிக் கோளாறுகளுக்குப் பெரும்பாலும் பெட்டியை வைத்த இடமே காரணம். இரும்பு பீரோவின் பின்னே அதனை ஒளித்து வைத்திருக்கும் இல்லங்கள் எத்தனை! உலோகம் அலையைத் தடுக்கும். கூடத்தின் நடுவே, சற்று உயரத்தில் வைப்பதே நலம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது, ஆயின் சுவர்களைக் கடக்கையில் தளரும், 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் செல்லும், ஆயின் மைக்ரோவேவ் அடுப்பும் அயலார் பெட்டிகளும் அதில் குறுக்கிடும். நெரிசலான தெருவில் 1, 6, 11 ஆகிய ஒன்றன்மேல் ஒன்று படியாத அலைவரிசைகளில் காலியானதைத் தேர்ந்தெடுக்கலாம்.

பெட்டியின் பின்புறமுள்ள சிறு துளையில் ஊசியால் குத்துவது நம் இளைஞரிடையே பரவியுள்ள வைத்தியம். அது வெறும் அணைத்தேற்றலன்று. கம்பெனி பதித்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோகக்கூடும். பின்னர் கம்பெனி ஆள் வரும்வரை காத்திருக்க நேரும், விலைப்புள்ளியோ காத்திராது.