ஒரு சாண் இலக்கும் ஒரு பொட்டு மணியும்

மெரினா மணலில் பலூன் சுட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். பலகையில் வரிசையாகப் பலூன்கள், கையில் ஓர் ஏர் கன். குழல் நுனியில் சின்ன முள், கண்ணுக்குக் கிட்டத்தில் நடுவில் வெட்டு விழுந்த தகடு. வெட்டுக்குள் முள்ளை நிறுத்தி, முள்ளின் தலையில் பலூனை உட்காரவைத்து விசையை அழுத்தினால் பலூன் வெடிக்க வேண்டும். வெடிக்காது. கடைக்காரர் முள்ளை வளைத்து வைத்திருக்கிறார் என்பார்கள் கூட வந்தவர்கள். இருக்கலாம். ஆனால் முள் நேராக இருந்தாலும் நம்மில் பலர் தவறவே விடுவோம். கோளாறு பெரும்பாலும் கண்ணில்தான்.

நம் கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். துப்பாக்கியோ மூன்றைக் காட்டுகிறது: அரை மீட்டருக்குள் வெட்டு, முக்கால் மீட்டரில் முள், அதற்கப்பால் இலக்கு. மூன்றும் ஒருசேரத் தெளியாது. முள் தெளிவாகவும் மற்ற இரண்டும் மங்கலாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் குறி பார்ப்பதன் பாலபாடம். பலூன் மீதே கண் வைத்திருப்பவர்கள் பலூனைத் தவறவிடுவதன் ரகசியம் இதுதான்.

இந்தத் தலைவலியோடு நூறாண்டுக்கு மேல் குடித்தனம் நடத்தியவர்கள் அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள். அவர்கள் கையில் இருந்தது ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894. விசைக்குக் கீழே வளையம் போல் தொங்கும் லீவரை ஒருமுறை கீழே தள்ளி மேலே இழுத்தால் காலித் தோட்டா வெளியே துள்ளும், அடுத்தது குழலுக்குள் ஏறும். கௌபாய் படங்களில் குதிரை மேலிருந்து படபடவென்று சுடுவார்களே, அந்தக் குடும்பம். 70 லட்சத்துக்கு மேல் விற்றது இந்த ஒரு மாடல் மட்டும். வாங்கியவர்களில் கௌபாய்கள் கொஞ்சம்தான். பென்சில்வேனியா, மெய்ன் மாநிலக் காடுகளில் வெள்ளைவால் மான் தேடிப் போன விவசாயிகளும் மில் தொழிலாளிகளும்தான் அதிகம். பென்சில்வேனியாவில் நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த திங்கள்கிழமை மான் சீசன் தொடங்கிவந்தது. அன்றைக்குப் பல பள்ளிகளுக்கே விடுமுறை. 2019இல்தான் தொடக்க நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள்.

இந்தத் துப்பாக்கியில் தொலைநோக்கி, அதாவது ஸ்கோப், வைப்பது எளிதல்ல. காலித் தோட்டா நேராக மேல்பக்கமாக வெளியே குதிக்கும்; ஸ்கோப் உட்கார வேண்டிய இடமும் அதுவே. வின்செஸ்டர் அதைச் சாய்வாக வெளித்தள்ளும்படி மாற்றியது 1980களில்தான். போட்டியாளரான மார்லின் 336 (1948) பக்கவாட்டில் தள்ளும், அதன் தலையில் ஸ்கோப் தாராளமாக உட்காரும். இருந்தும் பலர் மாட்டுவதில்லை. சுமார் 3 கிலோ எடையுள்ள இந்த லீவர் துப்பாக்கிகளின் சுகமே, நடுவயிற்றை ஒரு கையால் கோத்துப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நடக்கலாம் என்பதுதான். மேலே ஸ்கோப் ஏறினால் அந்தப் பிடி போய்விடும்.

சரி, ஸ்கோப் வேண்டாம், வெட்டும் முள்ளுமான இரும்பு சைட்தான் என்று முடிவானால் எதை வாங்குவது? எல்லோரும் பின்சைட்டிலிருந்து, அதாவது வெட்டுத் தகட்டிலிருந்து, தொடங்குகிறார்கள். நான் முன்சைட்டிலிருந்து, அதாவது முள்ளிலிருந்து, தொடங்கச் சொல்வேன்.

கணக்கு நம் சாணில் அடங்கிவிடும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் ஒரு சாண் அகலம், அதாவது 20 செ.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். தோட்டா அதற்குள் பட்டால் மிருகம் வதைபடாமல் விழும். வெளியே பட்டால் காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும். முன்சைட்டின் தலையில் இருக்கும் மணி 1.6 மி.மீ. விட்டமுள்ளது என்று வையுங்கள், கண்ணிலிருந்து 75 செ.மீ. தள்ளி இருக்கிறது. 100 மீட்டரில் அது மறைக்கும் அகலம் 21 செ.மீ. அச்சாக ஒரு சாண்! மணி மானின் மார்பை மூடினால் போதும், தூரம்கூடத் தோராயமாகத் தெரிந்துவிடும். கடைகளில் கிடைக்கும் அடுத்த அளவு 2.4 மி.மீ. அது 32 செ.மீ.யை மறைக்கும். புதருக்குள் 30 மீட்டரில் திடுமென்று எழும் மானுக்கு அந்தப் பெரிய மணி கண்ணில் சட்டென்று படும், ஆனால் 100 மீட்டரில் எங்கே சுடுகிறோம் என்றே தெரியாது. எனக்குச் சின்ன மணி.

நிறமும் உண்டு. இருட்டுக் காட்டில் தந்த வெள்ளை எடுப்பாகத் தெரியும், பனி விழுந்துவிட்டால் அதே வெள்ளை காணாமல் போகும். பித்தளை இரண்டுக்கும் நடுவாந்திரம். பித்தளையிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. மணியின் முகம் உருண்டையாக இருந்தால், வலப்பக்கம் வெயிலடிக்கும்போது வலக் கன்னம் மட்டும் மின்னும். கண் அந்த மினுக்கத்தையே மணி என்று நம்பி அதை நடுவில் நிறுத்தும்; உண்மையான மணி இடப்பக்கம் தள்ளிப் போயிருக்கும். குண்டும் இடப்பக்கமே போகும். காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம் என்று துப்பாக்கி குணம் மாறுகிறதே என்று புலம்புவோர் பலருக்கு வியாதி இதுதான். முகம் தட்டையாகச் சீவிய மணி வாங்கலாம், அல்லது முன்சைட்டின் மேல் கவிந்திருக்கும் சின்ன இரும்புக் குடையைக் கழற்றாமல் விடலாம். பளீரென்று ஒளிரும் பிளாஸ்டிக் இழை மணிகளும் விற்கின்றன. வெயிலில் மத்தாப்பு மாதிரி விரிந்து இலக்கை விழுங்கிவிடும். கிளையில் மோதினால் இழை உடையும். எனக்குப் பிடிக்கவில்லை.

இனிப் பின்சைட். தொழிற்சாலையிலிருந்து வருவது பெரும்பாலும் பக்ஹார்ன் வகை: நடுவில் சின்ன வெட்டு, இருபுறமும் மான்கொம்பு போல் வளைந்தெழும் இரண்டு காதுகள். பார்க்க அழகு, படத்துக்கு இன்னும் அழகு. வேட்டைக்கு அந்தக் காதுகள் எதற்கென்று எனக்குப் புரிந்ததே இல்லை. மானின் பாதி உடம்பையும் அது நகரும் திசையையும் அவை மறைத்துவிடும். அதைவிட, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் போட்ட, ஆழமில்லாத அகன்ற V வடிவ எக்ஸ்பிரஸ் சைட் எவ்வளவோ மேல்.

பக்ஹார்னின் இன்னொரு குறை, அது குழலின் மேல் முன்னால் தள்ளி உட்கார்வது. அதற்கும் மணிக்கும் இடைவெளி 40 செ.மீ. என்று வைத்தால், மணியை 1 மி.மீ. பிசகி நிறுத்தினாலே 100 மீட்டரில் 25 செ.மீ. விலகல். சாண் தாண்டிவிட்டது. உயரத்தை மாற்ற அடியில் ஒரு படிக்கட்டுத் தகடு இருக்கும். ஒரு படி அரை மில்லிமீட்டர் என்றாலும் குண்டு 12 செ.மீ. தாவும், இரண்டு படிக்கு நடுவே நிற்க வழியில்லை.

இதற்கு மருந்து, லீவர் இயங்கும் இரும்புப் பெட்டியின் பின்கோடியில் பொருத்தும் பீப் சைட். வெட்டுக்குப் பதில் ஒரு துளை. இடைவெளி 60 செ.மீ. ஆகிறது, அதே 1 மி.மீ. பிசகு இப்போது 17 செ.மீ.தான். வில்லியம் லைமன் 1879இல் காப்புரிமை வாங்கியது இதன் உறவு ஒன்றுக்கு. அதைக் கட்டையின் கழுத்தில், கண்ணுக்கு இன்னும் நெருக்கமாக மாட்டுவார்கள்.

துளையின் மாயம் இந்த இடைவெளிக் கணக்கில் மட்டும் இல்லை. கிட்டப்பார்வை உள்ள பையன் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தால், கரும்பலகையை முஷ்டியின் ஓட்டை வழியாகப் பார்ப்பானே, அதே வித்தை. துளை சிறுத்தால் கிட்டத்திலும் தூரத்திலும் உள்ளவை ஓரளவு சேர்ந்தே தெளியும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவருக்குப் பக்ஹார்ன் வெட்டு பஞ்சுப்பொதி மாதிரித் தெரியும். துளையில் அந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் துளையை யாரும் பார்ப்பதில்லை, அதன் வழியாகப் பார்க்கிறார்கள். வட்டத்தின் நடுவுக்குக் கண் தானாகவே போய்விடும். மூன்று வேலைகளில் ஒன்று கழிந்தது: மணியை மார்பின் மேல் வை, அழுத்து.

சிறு துளைதான் துல்லியம் என்று நினைத்து 1 மி.மீ. ஓட்டையை வாங்கிவிட்டு, அந்திக்கருக்கலில் ஒன்றும் தெரியவில்லை என்பவர்களும் உண்டு. வெள்ளைவால் மான் நடமாடுவதே விடியலிலும் அந்தியிலும். பென்சில்வேனியாவில் சூரியன் உதிப்பதற்கு அரைமணி நேரம் முன்பே சுடலாம். அந்த வெளிச்சத்தில் இளைஞரின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், அதன் முன்னால் ஊசித்துளையை வைப்பது ஜன்னலைச் சாத்துவது போல. பீப் சைட்டின் துளையுள்ள நடுத்தட்டைத் திருகிக் கழற்றிவிட்டு, மிஞ்சும் சுமார் 5 மி.மீ. வளையத்தோடு வேட்டையாடுவதே சரி. சுடும்போது வளையம் ஆவி மாதிரி மங்கலாகத் தெரியும், அதனால்தான் கோஸ்ட் ரிங் என்கிறார்கள். கழற்றிய தட்டை, இலக்குப் பலகையில் சுடும்போது பயன்படுத்தப் பத்திரப்படுத்திக்கொள்ளலாம்.

பின்சைட்டை மாற்றினால் முன்சைட்டின் உயரமும் மாற வேண்டிவரும். குண்டு எங்கே போக வேண்டுமோ அந்தத் திசையில் பின்சைட்டை நகர்த்து, முன்சைட்டை எதிர்த்திசையில். 100 மீட்டரில் குண்டு 10 செ.மீ. கீழே படுகிறது, இடைவெளி 60 செ.மீ. என்றால் பின்சைட் 0.6 மி.மீ. மேலேற வேண்டும். முன்சைட்டை அரத்தால் ராவுகிறவர்கள் பொறுமையாக ராவட்டும். ராவியது திரும்ப முளைக்காது.

எவ்வளவு தூரத்துக்கு இதெல்லாம்? இந்தத் துப்பாக்கிகளில் போடும், 1895இல் வந்த 30-30 தோட்டாவே எல்லை போட்டுவிடுகிறது. குழலுக்கடியில் உள்ள நீளக் குழாயில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். பின்னதன் மூக்கு முன்னதன் வெடிமுனையில் இடிக்கும். கூர்மூக்கு வைத்தால் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம் என்பதால் மூக்கை மழுக்கிவிட்டார்கள். மழுங்கிய குண்டு வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். 100 மீட்டருக்குச் சரிசெய்தால் 200இல் ஒரு சாணோ அதற்கு மேலோ கீழே விழும். அதற்கப்பால் சைட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

கூர்மூக்குத் தோட்டாவும் போட வசதியாக, குழாய்க்குப் பதில் பெட்டி வைத்த தம்பி ஒன்று உண்டு, வின்செஸ்டர் 1895. பென்னாகரம், ஜவளகிரிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது அதன் .405 தோட்டா ரகம்தான். இன்று இங்கே வேட்டைக்கு இடமில்லை, 1972இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தத் துப்பாக்கி நம் காட்டுக் கதைகளில்தான் மிச்சம்.

அமெரிக்காவில் இன்னமும் வேட்டைக்குப் போகும் ஒருவர் எந்த சைட் என்று கேட்டால், கடையிலேயே ஒரு சோதனை செய்யச் சொல்வேன். துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பாருங்கள். சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டுக் கண்களை மூடிக்கொள்ளுங்கள். துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் வசதியாகச் சாய்த்து, கண்ணைத் திறங்கள். மணி வளையத்துக்குள் இருந்தால் பணத்தைக் கொடுக்கலாம். மணியைத் தேடிக் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தால் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த சைட்டை மாட்டித் தரச் சொல்லுங்கள்.