மேலும் கீழும் தணல்

ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை தொழிற்சாலைகள் எழுந்தபின், தொலைதூர மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் பல்லாயிரவர் விடுதிச் சோற்றை நம்பி வாழ்கின்றனர். 2021 டிசம்பரில் அலைபேசித் தொழிற்சாலை ஒன்றின் பெண்கள் 250 பேருக்கு மேல் விடுதி உணவால் நோயுற்றதும், தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து முறையிட்டதும் நாடறிந்த செய்தி. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. நல்ல உறைவிடம் கிடைத்தது மகிழ்ச்சியே. ஆனால், தன் உம்மும்மா சுட்ட தம் அடையை அதே கைப்பக்குவத்தில் சுட, அப்பெண் எப்போது கற்பாள்?

தம் அடையை அறியாத வாசகர் நம்முள் அரிது. முட்டையையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, உருக்கிய நெய்யும் ரவையும் ஏலப்பொடியும் கலந்து, ரவை ஊறிப் பருக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஊறாத ரவை வெந்தபின்னும் பல்லில் நறநறக்கும். பிறகு அடிகனத்த சட்டியில் ஊற்றி, அடியில் மெல்லிய தணலும் மூடியின்மேல் கொட்டாங்கச்சித் தணலுமாக வேகவைப்பர். கீழ்த்தணல் மிகுந்தால் அடி கருகும். மேல்தணல் குறைந்தால் முகம் வெளுத்து நிற்கும். எத்தனை கங்கு வைப்பது என்பதை எந்தச் சமையல் நூலும் சொல்லித் தராது. மூடியருகே கையை நீட்டிப் பார்த்தே நம் பெண்கள் அறிந்தனர்.

இவ்வித்தை நமக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க நாட்டுக் கிராமங்களில் 'காஸ்த்ரா' என்னும் குவிந்த மூடியால் உணவைக் கவிழ்த்து மூடி, அதன்மேல் தணலைக் குவிப்பர். அங்கும் ரவையில் ஒரு பலகாரம் உண்டு; 'ரவனி' என்பது பெயர். சுட்டபின் சர்க்கரைப் பாகில் ஊறவிடுவர். சைப்ரஸ் தீவின் முற்றங்களிலோ குமிழ் வடிவ மண்ணடுப்புகள். உள்ளே விறகை எரித்து, சாம்பலை வாரியெடுத்தபின், சுவரில் தங்கிய வெப்பத்திலேயே ரொட்டி வேகும்.

அத்தீவு 1974 முதல் பிரிந்து கிடக்கிறது. கிரேக்க மொழியினர் தெற்கிலும் துருக்கி மொழி பேசும் முஸ்லிம்கள் வடக்கிலுமாக, இரு தரப்பாரும் வீடுவாசலை இழந்து இடம்பெயர்ந்தனர். பாலாடைக்கட்டி, முட்டை, புதினா பொதிந்த 'ஃபிளாவுனா' அங்கே கிறிஸ்தவருக்கு ஈஸ்டர் பண்டம். முஸ்லிம்கள் அதை ரமளானில் உண்பர். 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் அத்தீவின் பாலாடைக்கட்டிக்குப் பெயர்க்காப்பு அளித்தபோது, ஹலூமி, ஹெல்லிம் என இரு மொழிப் பெயர்களையும் பதிந்தது. எல்லைக்கோடு அடுப்பைப் பிரிக்கவில்லை. வீட்டை இழந்தவர்களும் கைப்பக்குவத்தைத் தம்மோடு எடுத்துச் சென்றிருக்கின்றனர்.

நம் பெண்கள் வீட்டை இழக்கவில்லை. மாதச் சம்பளம் ஈட்டி அதைத் தாங்குகின்றனர். "வேலைக்குப் போனதால் சமையல் மறந்தாள்" என்று அவர்களைக் குறைகூறுவது எனக்கு உடன்பாடில்லை. என்னிடம் ஓதிய பிள்ளைகளிலும் சிலர் இரவுப் பணிக்குப் போகின்றனர். பெருநாள் விடுப்பு இரண்டு நாள் கிடைத்தாலே பெரிது. அந்த இரண்டு நாளிலும் தாய்மார் எல்லாவற்றையும் தாமே ஆக்கிப் பரிமாறி, "நீ களைத்திருக்கிறாய், படு" என்கின்றனர். அன்புதான், ஆயினும் ஒரு வேளையேனும் அவளை அடுப்பருகே அழைத்து, தணலின் அளவைக் கைகாட்டித் தரலாம். உடன்பிறந்த தம்பியையும் அழைத்தால் என்ன? விருந்துச் சமையலில் பெரிய தேக்சாவுக்குத் தம் போடும் பண்டாரிகள் ஆண்கள்தாமே!

வாடகை அறையில் தங்குவோர் கவனிக்க: மூடிய அறையில் கரியடுப்பு மூட்டுவது உயிருக்கே ஆபத்து. பழைய தோசைக்கல்லைச் சிறுதீயில் வைத்து அதன்மேல் சட்டியை ஏற்றுங்கள். இன்னொரு கல்லை நன்றாகக் காயவைத்து மூடியின்மேல் வையுங்கள், ஆறினால் மீண்டும் காயவையுங்கள். ஒரு குவளை ரவைக்கு நான்கு முட்டை, முக்கால் குவளை சர்க்கரை, அரைக் குவளை நெய் போதும். ஈர்க்குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வரவேண்டும். முழுதும் ஆறியபின்னரே வெட்டுங்கள்.