அம்பாசிடர் போச்சு, போர்டும் போச்சு... ரோடெல்லாம் ‘உசர வண்டி’ ராஜ்ஜியம்! சின்ன கார்கள் படுத்தது ஏன்?

திருப்பூர்,

கல்யாணமா, ஆஸ்பத்திரியா, பழனி கோவிலா... எதுவானாலும் ஒரு காலத்தில் டாக்சி ஸ்டாண்டுக்கு ஓடி அம்பாசிடரைத்தான் பிடிப்பார்கள். முன்னால் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர், மடியில் குழந்தைகள் என்று ஒரு குடும்பமே அதில் அடங்கிவிடும். இன்று அவினாசி ரோட்டில் அரை மணி நேரம் நின்றாலும் ஒரு அம்பாசிடரைப் பார்ப்பது அபூர்வம். திரும்பிய பக்கமெல்லாம் உசரமான எஸ்.யு.வி. கார்கள்தான்.

காலம் மாறினால் காரும் மாறத்தானே செய்யும் என்று சும்மா விட முடியாது. ஒரு கார் கம்பெனி மூடினால் அங்கே வேலை பார்த்தவர்கள் பிழைப்பு போகிறது. அந்த காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் ஸ்பேர் பார்ட்சுக்கு அலைய வேண்டியிருக்கிறது. கொடி கட்டிப் பறந்த கார்கள் படுத்தது எப்படி? விவரம் வருமாறு:-

வரிசையாக விழுந்தன

அம்பாசிடர் 1950-களின் கடைசியில் வந்தது. மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தரபாரா தொழிற்சாலையில் தயாரானது. 1980-களில் ஆண்டுக்கு 24 ஆயிரம் கார்கள் விற்ற காலம் உண்டு. கடைசியில் ஆண்டுக்கு 2 ஆயிரத்து சொச்சம்தான். 2014 மே மாதம் தொழிற்சாலை மூடப்பட்டது. 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்தனர். அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் 2017-ல் பிரான்சு நாட்டு பெஜோ நிறுவனம் ரூ.80 கோடிக்கு வாங்கிக்கொண்டது.

சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு கார் அதற்கு முன்பே 1980-களின் கடைசியில் காணாமல் போனது. பத்மினி கார் 2000-ம் ஆண்டு வாக்கில் நின்றது. நடுத்தர குடும்பத்தின் கார் கனவை நிறைவேற்றிய மாருதி 800 தயாரிப்பும் 2014 ஜனவரியோடு முடிந்தது. டாக்சிக்காரர்களின் செல்லப்பிள்ளை டாடா சுமோ 2019-ல் விடை பெற்றது.

பெரிய அதிர்ச்சி மறைமலை நகர் போர்டு தொழிற்சாலைதான். 10 ஆண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் போர்டு அறிவித்தது. சென்னை, குஜராத் இரண்டு இடத்திலும் சேர்த்து சுமார் 4 ஆயிரம் பேர் பாதிக்கப்படுவார்கள் என்று கம்பெனியே சொன்னது. மறைமலை நகரில் 2022-ல் கடைசி கார் வெளியே வந்தது. நஷ்டஈடு கேட்டு தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினர்.

தலைகீழான கணக்கு

2014-15-ல் நாடு முழுக்க சுமார் 26 லட்சம் கார்கள் விற்றன. அதில் எஸ்.யு.வி.யும் இன்னோவா மாதிரி பெரிய வண்டிகளும் சேர்ந்து ஐந்தரை லட்சம்தான். அதாவது ஐந்தில் ஒன்று.

பத்தே ஆண்டில் எல்லாம் தலைகீழ். 2024-25-ல் விற்றது 43 லட்சம். அதில் உசர வண்டிகள் மட்டும் சுமார் 28 லட்சம். சாதாரண கார்கள் பதிமூன்றரை லட்சத்தோடு நின்றுவிட்டன. 2024-ல் நாட்டிலேயே அதிகம் விற்ற காரும் டாடா பஞ்ச் என்ற குட்டி எஸ்.யு.வி.தான். 40 ஆண்டுகளாக மாருதி பிடித்து வைத்திருந்த முதல் இடம் கை மாறியது.

‘அடி தட்டக்கூடாதுங்க’

ஜனங்கள் ஏன் இப்படி மாறினார்கள்? முதல் காரணம் நம் ரோடுகளே. குடிநீர் குழாய், பாதாள சாக்கடை என்று திருப்பூரில் தோண்டாத தெரு குறைவு. போதாக்குறைக்கு வேகத்தடைகள். மழை பெய்தால் ரெயில்வே பாலத்துக்கு அடியில் தண்ணீர். சாதாரண காரின் அடிப்பாகம் தரையில் இருந்து 160 மில்லிமீட்டர் வாக்கில்தான் இருக்கும். எஸ்.யு.வி. என்றால் 200 மில்லிமீட்டர் வரை இருக்கும். இந்த 4 சென்டிமீட்டர்தான் வண்டியின் அடிவயிற்றைக் காப்பாற்றுகிறது. உட்கார்ந்தால் ரோடு நன்றாகத் தெரியும். முட்டி வலிக்காரர்கள் குனியாமல் ஏறலாம். நாலு பேர் மத்தியில் கெத்து என்பது தனி.

4 மீட்டர் ரகசியம்

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. 2006 பட்ஜெட்டில் அப்போதைய நிதி மந்திரி ப.சிதம்பரம் சின்ன கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்தில் இருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி. தாண்டக்கூடாது.

இந்த விதியில் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. முதலில் டிக்கியை வெட்டிச் சுருக்கி 2008-ல் இண்டிகோ சி.எஸ். வந்தது. பிறகு நீளத்தை விட்டுவிட்டு உயரத்தைக் கூட்டினார்கள். 2013-ல் வந்த போர்டு ஈகோஸ்போர்ட் நீளம் 3,999 மில்லிமீட்டர். ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் பாக்கி! அடுத்து 2016-ல் பிரெஸ்சா, 2017-ல் நெக்சான். சின்ன காருக்குக் கொடுத்த சலுகையில் உசர வண்டி ஏறி உட்கார்ந்துகொண்டது. 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. மாறியபோதும் இதே 4 மீட்டர் கணக்குதான். உள்ளே இருந்தால் 18 சதவீதம், மீறினால் 40 சதவீதம்.

வழி காட்டிய போர்டு தப்பிக்காதது ஏன்? ஈகோஸ்போர்ட்டைத் தவிர மற்ற கார்கள் சரியாக ஓடவில்லை. அவ்வளவு பெரிய தொழிற்சாலையை ஒரு கார் காப்பாற்ற முடியாது. காற்று திரும்பும்போதே திரும்பியவர்கள் பிழைத்தார்கள். இண்டிகா விற்ற டாடா, நெக்சானுக்கும் பஞ்சுக்கும் மாறியது. சான்ட்ரோ விற்ற ஹூண்டாய் 2015-ல் கிரெட்டாவை இறக்கியது.

நம்ம ஆளுக்கு என்ன?

கட்டிங் மாஸ்டரோ, பவர் டேபிள் டெய்லரோ சீட்டுப் பணம் எடுத்து வாங்குவது பெரும்பாலும் பழைய கார்தான். இன்றைக்கு புதுசாக விற்பதுதான் அஞ்சாறு வருஷம் கழித்து அவர் கைக்கு வரும். இன்று சின்ன கார் குறைந்தால் நாளை பழைய மார்க்கெட்டிலும் அது குறையும். உசர வண்டி வாங்கினால் டயர் பெரிசு, விலையும் அதிகம். எடை கூட இருப்பதால் பெட்ரோலும் கூடவே குடிக்கும்.

மூடிய கம்பெனி கார் மலிவாக வருகிறது என்று உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடக்கூடாது. விளக்கு, கண்ணாடி, பம்பர் போன்ற பாகங்கள் கிடைக்கிறதா, என்ன விலை என்று மெக்கானிக்கிடம் முதலில் கேட்பது நல்லது. ஆர்.சி. புத்தகத்தில் வயதையும் பார்க்க வேண்டும். 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு ரூ.600. 2022 ஏப்ரல் முதல் அது ரூ.5 ஆயிரம் ஆனது. 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10 ஆயிரமாக உயர்ந்தது. 40 ஆயிரத்துக்கு கார் வாங்கி 10 ஆயிரம் பதிவுக்கே கட்டினால் கையைக் கடிக்கும்.

முதலாளிக்கு கார் மாற்றுவது ஒரு கையெழுத்து. தொழிலாளிக்கு அது பல வருஷ ஓவர்டைம் காசு. உசரத்தைப் பார்த்து மயங்காமல், விசாரித்து வாங்கினால்தான் அந்தக் காசு தப்பும்.