ஈசிஜி தாளில் பதியாத குடும்ப வரலாறு

போட்டிகளில் ஆடும் இளையோரை அரிதாகப் பலிகொள்ளும் திடீர் இதய மரணத்துக்குப் பெரும்பாலும் மரபுவழி அல்லது பிறவிக் கோளாறுகளே காரணமாகின்றன. அவற்றுள் இதயத் தசை இயல்புக்கு மீறித் தடிக்கும் நோய், ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. இதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் வரைந்து காட்டும் ஈசிஜி, இவற்றில் பலவற்றை அறிகுறி தோன்றும் முன்னரே காட்டிவிடும் என்பதால், இத்தாலி 1982 முதல் அதைப் போட்டி வீரர்களுக்குக் கட்டாயமாக்கியது. அந்நாட்டின் வெனெத்தோ வட்டாரத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் வீரர்களில் 3.6 ஆக இருந்த மரண விகிதம் 0.4 ஆகக் குறைந்ததாக 2006-இல் வெளியான ஆய்வு கூறிற்று. ஆனால் இதே கட்டாயத்தைச் சட்டமாக்கிய இஸ்ரேலில் அத்தகைய சரிவு தென்படவில்லை.

இங்கிலாந்தில் 1996 முதல் 2016 வரை 11,168 இளம் கால்பந்து வீரர்களைச் சோதித்ததில் 42 பேரிடம் ஆபத்தான கோளாறு கண்டறியப்பட்டது உண்மைதான். எனினும் பின்னர் இதய நோயால் இறந்த எண்மரில் அறுவருக்குச் சோதனை முடிவு இயல்பாகவே இருந்திருந்தது.

தாளைப் படிப்பதற்கும் தனித் தேர்ச்சி வேண்டும். நாள்தோறும் பயிற்சி செய்பவரின் நாடி 60-க்குக் கீழே இறங்குவதும் அலைகள் உயர்ந்து நிற்பதும் நோயல்ல. பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு முதல் மூன்று மார்பு முனைகளில் டி அலை கவிழ்ந்திருப்பதும் பெரும்பாலும் இயல்பே. அதே அலை ஐந்தாம், ஆறாம் முனைகளில் கவிழ்ந்திருந்தால் எக்கோ முதலிய மேற்சோதனைகள் இன்றியமையாதவை. இவ்வேறுபாடு அறியாதவர் கையில் அத்தாள், நலமான பிள்ளையைத் திடலிலிருந்து விலக்கவும் கூடும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், குறிப்பாகச் சுங்கை சிப்புட், பீடோர் போன்ற வட்டாரங்களின் முன்னாள் ரப்பர்த் தோட்டக் குடும்பங்களில், ஈசிஜிக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: ஐம்பது வயதுக்குள் திடீரென இறந்த உறவினர் எவரேனும் உண்டா? தடித்த தசை நோய் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு ஐம்பது விழுக்காடு வாய்ப்புடன் இறங்குவது. ஆனால் பால்மரம் வெட்டிச் செம்பனை நட்டு, லயங்கள் கலைந்து, உறவுகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பிரிந்தபின், அந்த நினைவைச் சேர்த்துச் சொல்லப் பாட்டிமாரைத் தவிர யார் இருக்கிறார்கள்? 'வலிப்பில் போனார்', 'ஆற்றில் மூழ்கினார்' என்று அவர்கள் சொல்வதையும் அப்படியே விட்டுவிடலாகாது. இதயத் துடிப்பின் தாளம் கெடும் மரபுநோயால் வரும் மயக்கம் வலிப்பெனத் தவறாகக் கருதப்படுவதும், நீச்சலின்போது அந்நோய் முதன்முறை வெளிப்படுவதும் மருத்துவம் நன்கறிந்தவை.

சோதனையும் எல்லா ஆபத்தையும் தடுத்துவிடாது: 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் திடலில் இதயம் நின்று சாய்ந்த டென்மார்க்கின் கிறிஸ்தியான் எரிக்சன் முறையாகச் சோதிக்கப்பட்டு வந்த தொழில்முறைக் கால்பந்து வீரர். அவரைக் காத்தது உடனடி மார்பழுத்தமும் மின்னதிர்வுக் கருவியுமே. மார்பழுத்தம் இல்லாத நிலையில் அக்கருவி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்திலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து விழுக்காடு குறைகிறது. ஆகவே பள்ளி மாணவர் விளையாட்டுக்குச் செலவிடுவோர், பொதுவான ஈசிஜி முகாமுக்குப் பணம் ஒதுக்கும் முன், ஆம்புலன்ஸ் வந்துசேர நேரமாகும் தோட்டத் திடல்களுக்கு அக்கருவியையும், பயிற்றுநர்களுக்கு அதை இயக்கும் பயிற்சியையும் தருவதே முறை. குடும்ப வரலாற்றில் ஐயம் எழும் பிள்ளைகளை மட்டும் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம்.